வெள்ளிக்கிழமைக் கறிச்சோறு

"நம்ம கிறிஸ்துராஜு நல்லா இருக்கானாம் புள்ள! போன வெள்ளிக்கிழமை முகாம்ல கறிச்சோறாம், ரெண்டு தடவ வாங்கிச் சாப்புட்டானாம்" என்றபடியே ராயப்பன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "இன்னிக்கு ஜங்ஷன்ல ஒரு பட்டாளத்துக்காரரு இறங்குனாரு. அவருதான் சொன்னாரு."

"மாதாவே!" என்று சிலுவை போட்டுக்கொண்டு இன்னாசிமேரி அவனுக்குத் தட்டு வைத்தாள்.

பட்டாளத்துக்காரருமில்லை, ஒருத்தருமில்லை. சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸில் யார் வீட்டு ரேடியோவைத் திறந்தாலும் பாகிஸ்தான் சண்டைதான். எல்லைக்குப் போன ஒரே மகனிடமிருந்து மட்டும் ஒரு தகவலும் இல்லை.

முதல் வாரம் முழுக்க வடித்த சோறு அப்படியே கிடந்தது. பெற்றவள் மனசு விட்டுவிடக் கூடாதே என்று ராயப்பன் ஒரு பொய் சொன்னான். அதிலிருந்து தினமும் ஒன்று. ஒருநாள் மகனுக்குக் காய்ச்சல் விட்டது, இன்னொரு நாள் புது பூட்ஸ் கொடுத்தார்கள். தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வேலையைவிட இந்த வேலைதான் அவன் உயிரை வாங்கியது.

இரண்டு கவளம் இறங்கிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமை! ஏசுநாதர் உயிர்விட்ட கிழமையில் கறி தொடக் கூடாது என்று மகனைச் சின்னதிலிருந்து பழக்கியவளே இவள்தான். ஒரு வெள்ளிகூட அவன் தவறியதில்லை.

இப்போது கேட்கப்போகிறாள் என்று காத்திருந்தான். அவள் அவன் கையையே பார்த்துக்கொண்டு, "இன்னுங் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுங்களா?" என்றாள்.

ராயப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மண்டையை உடைத்துக்கொண்டு பொய்யை ஜோடித்து வந்தால், இவள் காதில்கூட வாங்குவதில்லையா?

"உம் மவன் வெள்ளிக்கிழமை கறி தின்னான்னு சொல்றேன், அதுக்கும் தலையாட்டுவியா? எல்லாம் பொய்யி புள்ள! எந்தப் பட்டாளத்துக்காரனையும் நான் பாக்கல. அவன் இருக்கானா இல்லையான்னே எனக்குத் தெரியாது!"

தட்டைத் தள்ளிவிட்டான். சொல்லியிருக்கக் கூடாது என்று உடனே பயம் வந்தது. அழுது புரளப்போகிறாள், நாளையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள்.

இன்னாசிமேரி தட்டை மறுபடியும் அவன் முன்னால் இழுத்து வைத்தாள்.

"பொய்யின்னு மொத நாளே தெரியுமுங்க" என்றாள். "அதைச் சொன்னாத்தான நீங்க சாப்புடறீங்க?"