பூஜ்யத்தில் ஒரு புள்ளி

தரவுப் பகுப்பாய்வு தொடக்க வகுப்பில் அன்று எல்லோரும் ஒரே கேள்விக்குப் பெயர் போடாமல் போனில் பதில் அனுப்பியிருந்தார்கள்: நேற்று, ஞாயிற்றுக்கிழமை, எத்தனை பேரோடு பேசினீர்கள்? பதில்கள் திரையில் புள்ளிகளாகி மேலே ஈக்கூட்டம்போல் மொய்த்தன. ஒன்று மட்டும் அடியில், பூஜ்யத்தில் கிடந்தது. "கூட்டத்துல சேராம ஒரு புள்ளி தனியா நின்னா, பெரும்பாலும் டைப் பண்ணும்போது விழுந்த தப்பு. தூக்கிரலாம்" என்றார் பயிற்சியாளர் டென்சில். "நாள் முழுக்க ஒருத்தர்கிட்டகூடப் பேசாம ஒரு மனுஷன் இருக்க முடியுமா?" வகுப்பு சிரித்தது. சுகந்தியும் சிரித்துவைத்தாள். அவள் இந்த வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து புருஷனும் மாமியாரும் அவளோடு பேச்சை நிறுத்தியிருந்தார்கள். நேற்று சோறு வேண்டுமென்பதற்குக்கூட மாமியார் தட்டைத்தான் தட்டினாள். "முன்வரிசை மேடம், நீங்களே வந்து அழிங்க" என்று டென்சில் அவளைக் கூப்பிட்டார். எழுந்து போய் மௌஸைப் பிடித்தாள். அம்புக்குறியைத் தன் புள்ளியின்மேல் கொண்டுபோய் வைத்தாள். பின்னால் யாரோ கொட்டாவி விட்டார்கள். "அழுத்துங்க மேடம், ஒண்ணும் ஆகாது." விரல் இறங்கப்போன நேரம், மேலே கூட்டத்திலிருந்து ஒரு புள்ளி மறைந்தது. மறுகணம் அது கீழே, அவளுடையதற்குப் பக்கத்தில் வந்து நின்றது. யாரோ தன் பதிலை மாற்றியிருந்தார்கள். திரும்பிப் பார்த்தாள். எல்லோருடைய போனும் மேசைமேல் கிடந்தது. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சார்" என்றாள். நேற்றெல்லாம் புழங்காத தொண்டை கரகரத்தது. "இது இப்போ தனியா நிக்கலையே."