யார் முகமும் வாடாமல்

“சிலோன்ல இருந்து வந்த குடும்பமா? அப்ப உங்களுக்குப் பிளேன்டீதான். பால் ஊத்தாம, கருப்பட்டியக் கடிச்சுக்கிட்டு. சரிதானே?”

முதல் நாள் உஷா இப்படிக் கேட்டதும் மல்லிகாவின் முகம் மலர்ந்துவிட்டது. “எப்படிங்க மேடம் கண்டுபிடிச்சீங்க!” என்றாள்.

குன்னூரில் மனநல ஆலோசகராக இருக்கும் உஷாவுக்கு அந்தப் பேச்சை நினைத்தால் இன்றும் பெருமைதான். ஒருவருடைய ஊரும் பேச்சும் பழக்கமும் தெரியாமல் அவர் மனசுக்குள் போக முடியாது என்பது அவள் கட்சி. அன்றிலிருந்து மல்லிகா வரும் நாளில் மேஜையில் கருப்பட்டி டப்பா தயாராக இருக்கும். மல்லிகாவும் டம்ளரில் ஒரு சொட்டு மிச்சம் வைக்கமாட்டாள்.

“மூச்சடைப்பு இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டபடி டம்ளரை நீட்டினாள் உஷா.

“அதிகமாயிருச்சுங்க. வர்ற ஞாயித்துக்கெழம பாப்பாவுக்கு மொத முடி எடுக்கறாங்க.”

“நல்ல விசயம்தானே?”

“ரெண்டு கோயில்ல எடுக்கறாங்க.”

உஷா நிமிர்ந்தாள்.

“அருவங்காட்டுல எங்க வீட்டுக்காரரோட அம்மா, எங்க அத்தை, ‘ஏன் அம்மிணி, மொத முடி நம்ம காங்கயத்துக் கொலசாமிக்குத்தான?’ன்னாங்க. ‘பின்னேங்க அத்தை’ன்னுட்டேன். ஓவேலியில இருந்து எங்கப்பா போன் பண்ணி, ‘மகள், நம்ம தோட்டத்து மாரியம்மாவுக்குத்தானே நேந்திருக்கோம்’னாரு. ‘ஆமாப்பா’ன்னுட்டேன். ரெண்டு பக்கமும் வேன் சொல்லியாச்சுங்க.”

அத்தையின் பேச்சை அத்தையாகவும், அப்பாவின் பேச்சை அப்பாவாகவும் அவள் சொன்னாள். உஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“குழந்தைக்குத் தலை ஒண்ணுதானே மல்லிகா?”

“அதானுங்க மேடம்! ‘உங்க வீட்டுக்காரருகிட்டச் சொல்லுங்க’ன்னு சொல்லிராதீங்க. அவரு, ‘உன் இஷ்டம்’னு பேக்டரிக்குப் போயிட்டாரு.”

“அருவங்காட்டுல நீங்க கொங்குப் பொண்ணு. ஓவேலியில சிலோன் பொண்ணு. பக்கத்து வீட்டுப் படகர் அக்காகிட்ட அவங்க பாஷை. மூணும் நீங்கதான், எதுவும் வேஷமில்ல. ஆனா வேர் எங்கயோ ஒரு எடத்துல இருக்கும். இந்த டீயக் குடிக்கிறப்ப உங்க முகத்தப் பாக்கறேனே, அப்படியே அப்பா வீட்டுக்குப் போயிடறீங்க.”

“ஆமாங்க மேடம்” என்று மல்லிகா ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

உஷா நெகிழ்ந்துபோனாள். “அத்தைக்கு என்ன வேணும்னு தெரியுது. அப்பாவுக்கு என்ன வேணும்னும் தெரியுது. மல்லிகாவுக்கு என்ன வேணும்?”

ஜன்னலுக்கு வெளியே பனிமஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. மல்லிகா அதையே பார்த்தாள்.

“பாப்பாவுக்குச் சுருட்ட முடிங்க. இன்னும் ஒரு வருசம் அப்படியே இருக்கட்டும்னு ஆசை.”

“சொல்லிடலாமே!”

“எதிர்ல இருக்கறவங்க மூஞ்சி வாடுனா எனக்கு நெஞ்சை அடைக்குதுங்க. இது வேண்டாம்னு இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்லீங்க.”

உஷா மேஜை மேலிருந்த மல்லிகாவின் செல்போனை அவள் பக்கம் நகர்த்தினாள். “இங்க இருந்தே ரெண்டு வீட்டுக்கும் பேசுங்க, நான் பக்கத்துல இருக்கேன். அதுக்கு முன்னால ஒரு ஒத்திகை. ரொம்ப நாளா கேக்க நெனச்சுக் கேக்காத ஏதாவது ஒண்ணு. சின்னதாவே இருக்கட்டும். வாய்விட்டுக் கேட்டுப் பாருங்க.”

“யாருகிட்டங்க?”

“இங்க நான் ஒருத்திதானே இருக்கேன்?”

மல்லிகா தயங்கினாள். “உங்க மூஞ்சி வாடாதுங்களே?”

“வாடுனா நான் பாத்துக்கறேன். கேளுங்க.”

மல்லிகா மூச்சை நன்றாக இழுத்துவிட்டாள். கையிலிருந்த டம்ளரை மேஜையின் அந்தப் பக்கத்துக்கு மெல்ல நகர்த்தினாள்.

“எனக்குச் சின்ன வயசுல இருந்தே இந்தப் பிளேன்டீ ஆகவே ஆகாதுங்க மேடம். இனிமேலாவது கொஞ்சம் பால் ஊத்தித் தர்றீங்களா?”