அகலமான பிரேக்

அந்தப் பழைய பெரிய காரில் கியர் தானாகவே மாறும். அதனால் கிளட்ச் கிடையாது. பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் மட்டும்தான். பிரேக் பலகை மாதிரி அகலமாக நடுவில் உட்கார்ந்திருந்தது.

காரை வாங்கிய மரியதாஸ் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். கிளட்சை மிதித்தே பழகிய அவருடைய இடது கால், ஒவ்வொரு வளைவிலும் தன்னை மறந்து எழுந்து பிரேக்கை ஓங்கி மிதித்துவிடும். வண்டி குலுங்கி நிற்கும். பின்சீட்டிலிருந்து அவர் மனைவி, "இது காரா, கன்னுக்குட்டியா?" என்பார்.

பிரேக்குக்கோ பெருமை தாங்காது. "பாத்தியா, உனக்கு ஒரு கால்தான். எனக்கு ரெண்டு காலும்! எம்மேல அவ்வளவு பிரியம்" என்று ஆக்சிலரேட்டரைச் சீண்டும்.

பொறுத்துப் பார்த்த மரியதாஸ், கையால் மாற்றும் கியர்பெட்டி வைக்கச் சொல்லிக் காரைப் பட்டறையில் விட்டார். இடம் போதவில்லை என்று மெக்கானிக் பிரேக்கைப் பாதியாக அறுத்து, பக்கத்தில் ஒரு கிளட்சைப் பொருத்தினார்.

"அவர் வரட்டும், உன்னைப் பிடுங்கி எறிவார்" என்று பிரேக் கறுவியது.

மரியதாஸ் ஏறினார். இடது கால் எழுந்தது. பிரேக் நிமிர்ந்தது. கால் அதன் பக்கம் திரும்பவே இல்லை. கிளட்சின் மேல் மெல்லப் போய் அமர்ந்தது. வண்டி குலுங்காமல் நகர்ந்தது. பாதி வழியில் மனைவி தூங்கியே போனார்.

வெகுநேரம் கழித்துப் பிரேக் கேட்டது: "இவரை உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதே, ஏன்?" என்றது கிளட்ச்.

"இத்தனை நாளா அவரு உன்னைத்தான் தேடியிருக்காரு. நான்தான் குறுக்க உக்காந்திருந்தேன்."