வெறுந்தறி

காலை மணி பத்தேகால். ஆடிக் காற்று தெருப் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. வானம் மூடியிருந்தும் தூறல் இல்லை.

அன்னூருக்குக் கிழக்கே இருந்த அந்தத் தெருவில், கூலி உயர்வு கேட்டு விசைத்தறிகளை நிறுத்தி இது இரண்டாவது வாரம். ஆனாலும் ஒரு கொட்டகையிலிருந்து மட்டும் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

சங்கச் செயலாளர் லட்சுமணசாமி, துடிப்பான இளைஞன் கிருபாசங்கரையும் இன்னும் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு, தன் பக்கத்து வீட்டுக்காரர் சுந்தரராஜுலுவின் கொட்டகை முன்னால் போய் நின்றார்.

"ஏனுங்ணா, தெருவே அடுப்பு எரியாம உக்காந்திருக்குது. உங்க தறி மட்டும் ஓடுதுங்களா?" கிருபாசங்கர்தான் ஆரம்பித்தான்.

ராஜுலு வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டார். "என்ற தறி, என்ற கரண்ட்டு, என்ற இஷ்டம். உங்க சங்கத்துல நான் எப்பங்க சேர்ந்தேன்?"

"கூலி ஒசந்தா உங்களுக்குஞ் சேர்த்துத்தானுங்க ஒசரும்?"

"ஒசந்தா வேண்டாம்னா சொல்லப்போறேன்? தம்பிக்கு ஒரு தேங்காய் பன்னு வாங்கித் தாரேன்."

பின்னால் நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். கிருபாசங்கர் திரும்பி முறைத்தான்.

லட்சுமணசாமிக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. பள்ளிக்கூட நாளிலிருந்து இருவருக்கும் இதே வழக்கு. எல்லோரும் சேர்ந்து நின்றால்தான் எளியவனுக்கு வழி பிறக்கும் என்பார் இவர். கூட்டம் சேர்ந்தால் முதலில் அடைபடுவது தனி மனிதனின் வாய்தான் என்பார் ராஜுலு. பேக்கரி பெஞ்சில் டீ ஆறிப்போகும் வரை வாதாடிவிட்டு, ஒரே சைக்கிளில் வீடு திரும்பிய நாட்கள் எத்தனையோ! ஆனால் இன்று லட்சுமணசாமி சங்கத்தின் செயலாளர்.

"ராஜுலு, ஒரு தறி ஓடுனாலும் நூல் குடுக்கற ஜவுளிக்காரங்க பேச்சுவார்த்தைக்கு வரமாட்டாங்க. நிறுத்திப்போடு."

"நிறுத்தலீன்னா?"

"ஆவணியில உன்ற புள்ள ஷ்ரவ்யாவுக்குக் கல்யாணம். இந்தத் தெருவுல ஒருத்தர் வரமாட்டாங்க."

சொன்ன பிறகுதான், எவ்வளவு கொடுமையான வார்த்தை அது என்று அவருக்கே உறைத்தது.

ராஜுலு அவரை உற்றுப் பார்த்தார். "இது சங்கம் சொல்லறதா, நீ சொல்லறயா?"

"நாந்தாஞ் சொல்லறேன்."

"செரி."

ராஜுலு உள்ளே போனார். சத்தம் நின்றது.

சாயங்காலம் போராட்டப் பந்தலில் இருந்தபோது மனைவி மயிலாத்தாளிடமிருந்து போன் வந்தது. "ஏனுங்க, மாமாவைக் காணமுங்க!"

லட்சுமணசாமியின் அப்பா சுப்பண்ணனுக்கு எண்பது வயதுக்கு மேல். சில வருடங்களாகவே நினைவு தடுமாறுகிறது. கிருபாசங்கரின் வண்டியில் ஏறித் தேடிப் போனால், மெயின் ரோட்டின் நட்டநடுவில் ஓர் அண்டாவோடு நின்றிருந்தார். சத்தியமங்கலம் பஸ் ஒன்று அவரை இடிக்காமல் கிறீச்சிட்டு நின்றிருந்தது.

"கஞ்சித்தொட்டி எங்கப்பா போட்டிருக்கறீங்க? தறிக்காரங்க பசியோட வந்துருவாங்கல்ல?" என்று டிரைவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்து வேலைநிறுத்தத்தில் தெருவுக்கே கஞ்சி காய்ச்சி ஊற்றியவர் அவர். சங்கத்தில் சேராத வீட்டுப் பிள்ளைகளையும் அவர் பந்தியிலிருந்து எழுப்பியதில்லை. சின்னப் பையனாக இருந்த ராஜுலுவும் அந்தக் கஞ்சியைக் குடித்தவர்தான்.

அப்பாவை வீட்டில் கொண்டுவந்து படுக்கவைத்ததும் மயிலாத்தாள் உடைந்துபோனாள்.

"தறிச் சத்தம் நின்னா மாமாவுக்கு அந்தப் பழைய ஸ்ட்ரைக்குன்னு நெனப்பு வந்துருதுங்க. எந்திரிச்சு ரோட்டுக்குப் போயர்றாரு. சத்தங் கேட்டா, செயிச்சுப்போட்டம்னு படுத்துக்கறாரு. செல்போனுல சத்தம் வெச்சுப் பார்த்தேன், ஏமாறலீங்க. அவருக்குத் தரை அதிரோணும். அதனாலதான் ராஜுலு அண்ணங்கிட்டப் போயிக் கேட்டேன். நூலே இல்லாம வெறுந்தறிய ஓட்டிட்டு இருந்தாருங்க."

"நம்ம தறியவே ஓட்டியிருக்கலாமல்ல?"

"நீங்க செயலாளருங்க! சங்கத்துல இல்லாதவரு இந்தத் தெருவுல அவரு ஒருத்தருதானுங்களே?"

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"அவருதான் வேண்டாம்னாரு. தெரிஞ்சா லட்சுமணன் கூட்டத்துல தீர்மானம் போட்டு நன்றி சொல்லுவான், அந்த ரோதனை எனக்கு ஆகாதுன்னாரு."

லட்சுமணசாமி அப்போதே பக்கத்து வீட்டுக்குப் போனார். ராஜுலு அவரை மன்னிப்புக் கேட்க விடவில்லை.

"நிறுத்தச் சொன்னவன் நீ. சுவிட்சைப் போடறவனும் நீயா இரு. வெடிஞ்சதும் வந்துரு."

மறுநாள் விடிந்ததும் தறி ஓடியது.

சுப்பண்ணன் கண் திறந்து கேட்டார். "செயிச்சுப்போட்டம், அம்மணி" என்று மருமகளிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார். மயிலாத்தாள் போர்வையை இழுத்துவிட்டாள்.

ராஜுலு கொட்டகை வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பரை விரித்தார்.

கிருபாசங்கர் கூட்டத்தோடு வந்து, ராஜுலு தடுத்தும் கேளாமல் கதவைத் தள்ளித் தலையை நீட்டினான். நூலில்லாத தறி தடதடத்துக்கொண்டிருந்தது. தறியின் பக்கத்தில் லட்சுமணசாமி நின்றிருந்தார். கொட்டகை ஜன்னல் வழியே தெரிந்த தன் வீட்டு ஜன்னலைக் கை காட்டினார். அங்கே, நேற்று நடுரோட்டில் நின்ற சுப்பண்ணன் கட்டிலில் சிரித்த முகத்தோடு தூங்கிக்கொண்டிருந்தார்.

கிருபாசங்கர் கதவை மெல்லச் சாத்திவிட்டுத் திரும்பினான்.

"நூலே இல்லீங்க. மனுசன் கிறுக்குத்தனமா வெறுந்தறிய ஓட்டிட்டு இருக்கறாரு. இதுக்குப் போயிப் புள்ள கல்யாணத்துக்கு வராம இருப்பமா? வாங்க போலாம்."

"உள்ள ஆரோ நிக்கறாப்பல இருந்துதே?" ஒருவர் எட்டிப் பார்க்க முயன்றார்.

"ஆருமில்லீங்க" என்றான் கிருபாசங்கர்.