ரோஜாக்களுக்கு அடியில்

திறந்ததும் பக்கம் முழுக்க ரோஜாப்பூ.

சிவப்பு, மஞ்சள், பனித்துளி வைத்தது, இதயத்துக்குள் செருகியது. ஒவ்வொன்றின் கீழும் "குட் மார்னிங்". அமுதவல்லி மவுசை உருட்டிக்கொண்டே போனாள். பத்து முடிந்தால் அடுத்த பக்கம். அதிலும் பத்து.

அனுப்பியது "ரோஸ்" என்று ஒரு ஆள். படம் இல்லை, ஊர் இல்லை, நண்பர் என்று ஒருவரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. முத்தியால்பேட்டை பிரவுசிங் சென்டரில் அவளைத் தவிர யாரும் இல்லை. பின்னால் ஃபேனைத் துடைத்துக்கொண்டிருந்த கடைக்காரர் அரிகிருஷ்ணன் எட்டிப் பார்த்தார்.

"யாரும்மா இது, பெரிய மார்க்கெட் பூக்கடைய அப்படியே தூக்கி அனுப்பிட்டான்?"

"எவனோ வேலவெட்டி இல்லாதவன்தாண்ணா."

எரிச்சலோடுதான் சொன்னாள். வாரத்தில் இந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்கு ஆர்குட். அதில் பாதியைப் பூ தின்றுவிட்டது.

ஐந்தாம் பக்கத்தில்தான் ஆதிலட்சுமியின் பெயர் தென்பட்டது. பள்ளித் தோழி. பெங்களூரில் இருக்கிறாள்.

"சேதராப்பட்டு கம்பெனில சேந்துட்டேன்னு சொன்னியே, சூப்பர்டி! தீபாவளிக்கு முத்தியால்பேட்டை லேடீஸ் ஹாஸ்டலுக்கே நேரா வந்துடறேன்."

அமுதவல்லி சட்டென்று திரும்பிக் கடை வாசலைப் பார்த்தாள்.

கணவன் வீட்டை விட்டு வந்து ஏழு மாதம் ஆகிறது. அதற்கு முன்பு ஒரு தடவை கிளம்பி, கடலூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். மூன்றாம் நாளே அவன் வந்து, தெருவே பார்க்க முடியைப் பிடித்து இழுத்துப்போனான். இடது மணிக்கட்டு இன்னும் முழுதாக மடங்காது.

இந்த முறை எங்கே இருக்கிறாள் என்று பெற்ற தாய்க்கும் சொல்லவில்லை. ஆதிலட்சுமி ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவன் விடுகிற ஆள் இல்லை. போன மாதம் இதே பக்கத்தில் அவன் பெயரில் ஒரு வரி வந்திருந்தது. "எங்க இருந்தாலும் வந்துடுவேன்." பக்கத்தையே மூடிவிடலாமா என்று யோசித்தாள். மூடினால் தோழிகளும் போய்விடுவார்கள். படத்தையும் ஊரையும் மட்டும் எடுத்துவிட்டாள்.

செல்போனை எடுத்து ஆதிலட்சுமியைக் கூப்பிட்டாள்.

"ஏன்டி திட்டற? உன் பக்கத்துலதானே எழுதுனேன்? உனக்குத்தானே வரும்?"

"லெட்டர் இல்லடி அது. என் வீட்டுச் செவுத்துல கரியால எழுதிட்டுப் போயிருக்க. போறவன் வர்றவன்லாம் படிப்பான்."

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது.

"சரி விடு, அழாத. அழிச்சிடறேன்."

அழித்தாள். அதற்குப் பிறகுதான் தேதியை நினைத்துப் பார்த்தாள். அது செவ்வாய்க்கிழமை எழுதியது. ஐந்து நாளாகத் திறந்து கிடந்திருக்கிறது.

ஆனால் அவன் வரவில்லை. கம்பெனி கேட்டிலும் சரி, ஹாஸ்டல் வாசலிலும் சரி, ஒருவரும் அவளை விசாரிக்கவில்லை.

ரோஜாக்களும் செவ்வாய்க்கிழமை வந்தவைதான். ஆதிலட்சுமி எழுதிய பத்தாம் நிமிடம் முதல் பூ. கடைசிப் பூ அதிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து.

அமுதவல்லி மவுசிலிருந்து கையை எடுத்தாள்.

ஒரு வரியை அழிக்க வேண்டும் என்றால் பக்கத்தின் சொந்தக்காரியால் முடியும், எழுதியவளால் முடியும். மூன்றாவது ஆள் என்ன செய்ய முடியும்? புதிதாக வருவதுதான் மேலே நிற்கும்; அதனால் அதன் மேல் எதையாவது கொட்டி, கண்ணுக்கு எட்டாத ஆழத்துக்குத் தள்ளலாம். அவ்வளவுதான். முதல் பக்கத்துக்கு அப்பால் புரட்டிப் பார்க்கும் பொறுமை அவள் கணவனுக்கு எந்த நாளும் இருந்ததில்லை.

யாரோ ஒரு மணி நேரம் உட்கார்ந்து தள்ளியிருக்கிறார்கள்.

யார் பெற்ற பிள்ளையோ. கண் கலங்கியது. அரிகிருஷ்ணன் பார்த்துவிடுவார் என்று துப்பட்டாவால் முகத்தைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் கவனித்தாள். அழித்த வரிக்கு நேர் மேலே, எல்லா ரோஜாக்களுக்கும் முன்பாக "ரோஸ்" அனுப்பியது ஒன்று இருந்தது. அதில் பூ இல்லை. தோழியின் பெயரைக் கண்ட பதற்றத்தில் அது கண்ணில் படவில்லை.

"அண்ணி, கீழ இருக்கறத உடனே அழிங்க. ஆறு மணிக்கு அண்ணன் பாக்க வரும்."

அவளை அண்ணி என்று கூப்பிட உலகத்தில் ஒருத்திதான் உண்டு. சுடர்விழி. அந்த வீட்டில் கம்ப்யூட்டர் படித்தவளும் அவள்தான். அண்ணன் சொல்லச் சொல்லத் தேடிக் கொடுப்பவளும் அவளாகத்தான் இருக்க வேண்டும்.

கல்யாணத்தன்று பின்னால் நின்று மூன்றாம் முடிச்சைப் போட்டவள். இரண்டு வருடத்தில் பத்து வார்த்தை முகம் பார்த்துப் பேசாதவள். அடி விழும்போதெல்லாம், தெருவுக்குக் கேட்காதபடி டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தவள்.

நன்றி என்று எழுத விரல் போனது. எழுதவில்லை. அதையும் ஊரே படிக்கும்.

அந்த வரியை மூன்று தடவை படித்தாள். பிறகு அதையும் அழித்தாள்.

"நல்லா இரு பாப்பா," என்று வாய்விட்டே வந்துவிட்டது.

அரிகிருஷ்ணன் திரும்பினார். "யாரம்மா சொல்ற?"

"எங்க நாத்தனாரத்தாண்ணா."