ஐவியின் மூச்சு

எஸ்தர் வீட்டில் பேசும் கருவிக்கு ஐவியின் குரல். ஐவி நூறு வருஷத்துக்கு முன் மதராஸ் ஓட்டல்களில் ஜாஸ் பாடியவள். மிஞ்சியது ஒரே இசைத்தட்டு. உரிமை கேட்க ஆளில்லாததால், கருவி செய்யும் கம்பெனி அந்தத் தட்டிலிருந்து குரலை எடுத்து அவளை வீடு வீடாகப் பேச வைத்துவிட்டது.

“பால் தீர்ந்துபோச்சு” என்று சொல்வதற்குக்கூட, பாடப்போகிறவளைப் போல மூச்சை இழுத்துக்கொள்வாள். அதைக் கேட்கவே எஸ்தர் சும்மாவாவது மணி என்னவென்று கேட்பாள்.

இன்று காலை அந்த மூச்சைக் காணவில்லை. கம்பெனிக்குப் போன் செய்தாள்.

“அது இரைச்சல் மேடம், எடுத்துட்டோம். இனிமே சுத்தமா கேக்கும்.”

“இந்த வீட்ல மூச்சு விடறது நானும் அவளுந்தானே, தம்பி.”

“புரியலையே மேடம்?”

“ஒண்ணுமில்லப்பா.”

போனை வைத்துவிட்டு எஸ்தர் மணி கேட்டாள். ஐவி பதில் சொல்லுமுன், அவளுக்கும் சேர்த்து எஸ்தரே மூச்சை இழுத்துக்கொண்டாள்.