சிவப்பு வந்த வெள்ளிக்கிழமை

புல்டோசருக்கு முன்னால் பாஞ்சாலி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், வாசலில் கீரை ஆய உட்கார்ந்தவள் மாதிரி.

அவள் புருஷன் வடிவேலுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடையாற்றங்கரையில் பாதி வீடுகள் காலையிலேயே தரைமட்டம். மிச்சம் இருந்த வீட்டுப் பெண்கள் பாஞ்சாலிக்குப் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எதிரே வேன் வேனாகப் போலீஸ். ஊருக்கு வெளியே ஒதுக்கிய வீட்டுக்குச் சாவியை வாங்கிக்கொண்டு லாரியில் ஏறச் சொல்லி மைக்கில் கத்திக் கத்தி ஒரு அதிகாரிக்குத் தொண்டையே கட்டிவிட்டது.

இவள் ஏற மாட்டாள். அம்மன் வாக்கு கொடுத்துவிட்டாளாம்.

போன வெள்ளிக்கிழமை தெருமுனைக் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார்கள். சிவப்பு அரளி வந்தால் இங்கேயே இருப்பது, வெள்ளை அரளி வந்தால் மூட்டை கட்டுவது. இலையில் மடித்த இரண்டு பொட்டலத்தை அம்மன் காலடியில் வைத்து, பூசாரி தங்கவேல் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

சிவப்பு.

அன்றிலிருந்து பாஞ்சாலியைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அவள் கவலை அவனுக்கும் தெரியாமல் இல்லை. சுற்றி இருக்கிற வீடுகளில் பாத்திரம் தேய்த்துத்தான் குடும்பம் நடக்கிறது. அவ்வளவு தூரம் போய்விட்டால் அத்தனை வேலையும் போச்சு.

ஆனால் மழைக்கு மழை ஆறு வீட்டுக்குள் வருகிறதே. இடுப்பளவு தண்ணீரில் அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு விடிய விடிய நின்றது அம்மனா, இவனா? வாக்கு கொடுக்கிறவள் அன்றைக்கு எங்கே போனாள்?

இன்ஸ்பெக்டர் அவனைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"உன் சம்சாரம்தானே? எழுப்பி ஓரமா கூட்டிட்டுப் போ. இல்லன்னா நாங்க தூக்குவோம்."

போனான். எத்தனை தடவைதான் போவது. காலையிலிருந்து கெஞ்சியாயிற்று, திட்டியாயிற்று, தாலி கட்டியவன் என்கிற பேச்சையும் எடுத்துப் பார்த்தாயிற்று. எதற்கும் அசையவில்லை. எதிரில் நிற்பவன் புருஷனா, விளக்குக் கம்பமா என்றுகூட அவள் பார்ப்பதாகத் தெரியவில்லை.

"இன்னாயா நின்னுகினுகீற? வந்து குந்து. அம்மா வாக்கு குடுத்துகீறா, எவன் கை வைப்பான்?"

இன்ஜின் உறுமியது.

பின்னால் முணுமுணுப்பு அடங்கியது. ஒருத்தி எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு நகர்ந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. பிறகு கும்பலாகவே எழுந்துபோய் லாரிப் பக்கம் நின்றார்கள்.

பாஞ்சாலி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வடிவேலு லாரியைத் திரும்பிப் பார்த்தான். நாலு எட்டு வைத்தால் அவனும் லாரிப் பக்கம் போய்விடலாம். புருஷனே போய்விட்டான் என்றால் இவள் எத்தனை நேரம் தனியாக உட்கார்ந்திருப்பாள்?

இரும்பு வாய் மண்ணைச் சுரண்டிக்கொண்டு முன்னால் வந்தது.

"சனியனே" என்றான். யாரைச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. அவள் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தான்.

அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள். அவன் முகத்தைப் பார்க்காமலே சிரித்தாள். கடைசியில் இந்த மனுஷனுக்கும் நம்பிக்கை வந்துவிட்டது என்கிற சிரிப்பு.

நம்பிக்கையாவது மண்ணாவது.

அன்றைக்குப் பூவை வாங்கி வந்து மடித்துக் கட்டியது வடிவேலுதான். சட்டைப் பையிலேயே வைத்திருந்து அவன் கையாலேயே கொண்டுபோய் அம்மன் காலடியில் வைத்தான். பூசாரி எடுக்கிறவரை அங்கிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இரண்டு பொட்டலத்திலும் அவன் வைத்தது வெள்ளை அரளி.